மிளகு தேடிப் போன கதை

கரோல்பாக்கிலிருந்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சென்ற மாதம் இப்பகுதியில் தாயக்கட்டம் பற்றி நாம் எழுதியதைப் படித்தாராம். அவருக்குப் புதல்வர் இருவர். கோடை விடுமுறை நெருங்குகிறது; டில்லியின் அனற்காற்றில் பிள்ளைகளை வெளியே விட மனமில்லை; வீடியோ விளையாட்டு ஒன்று வாங்கித் தரலாமா, தருவதானால் எதை என்று வினவுகிறார். "துப்பாக்கி வேண்டாம், மோட்டார் பந்தயமும் வேண்டாம், கதையுள்ளதாக இருந்தால் நலம்" என்பது அவர் நிபந்தனை.

இத்துறையில் நமக்குப் புலமை கிடையாது. ஆனால் ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி மட்டும் நாம் சற்று உரிமையோடு பேச முடியும். பத்து ஆண்டுகளுக்கு முன் அதைப் பழைய வடிவில் ஆடினோம். இப்போது அது புதுக்கோலம் பூண்டு வந்திருப்பதை நம் மகன் ஆட, அருகிலிருந்து பார்த்தோம். அதன் பெயர் 'டிராகன் குவெஸ்ட்', மூன்றாம் பாகம்.

நாம் ஆடியது 2015-ல். அப்போது நமக்குத் துக்ளகாபாத் ரயில்வே காலனியில் குவார்ட்டர்ஸ். அலுவலகமோ புது டில்லி ஸ்டேஷன் அருகில். பல்வல் லோக்கலில் ஏறினால் ஓக்லா, நிஜாமுத்தீன், திலக் பிரிட்ஜ், சிவாஜி பிரிட்ஜ் என்று நின்று நின்று போகும். அந்த நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் ஓர் உலகத்தையே சுற்றி வந்தோம். கைப்பேசிக்கென 2014 டிசம்பரில் வெளியான பதிப்பு அது. அதன் ஆங்கிலம் நம் மெட்ரிகுலேஷன் ஆங்கிலத்துக்குச் சற்றுக் கடினம். அகராதி பார்க்க வேண்டிய சொற்களை டூட்டி டைரியின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வோம். மேலதிகாரி ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்து, நாம் இலாகாப் பரீட்சைக்குப் படிப்பதாக எண்ணிப் பாராட்டிவிட்டுப் போனார்.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று இவ்வகையைச் சொல்வார்கள். கூத்தில் வேடம் கட்டுவது போல, ஆடுபவர் கதாநாயகனின் வேடத்தை ஏற்கிறார். தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்கிறார். குடிமக்களிடம் செய்தி கேட்கிறார். வழியில் எதிர்ப்படும் பூதகணங்களோடு பொருதுகிறார். அனுபவம் ஏற ஏற வலிமை ஏறுகிறது. கைவேகத்துக்கு இங்கே வேலை குறைவு. யோசித்து, கட்டளையைத் தேர்ந்தெடுத்து, பலனைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பாகத்தின் கதை மிக எளியது. பதினாறாம் பிறந்தநாளன்று தாய் மகனை எழுப்பி அரண்மனைக்கு அழைத்துச் செல்கிறாள். பொல்லாத அரக்கனை வெல்லப் புறப்பட்ட தந்தை திரும்பவில்லை; அவர் விட்ட பணியை முடிக்க மகன் (மகளாகவும் வைத்துக்கொள்ளலாம்) புறப்பட வேண்டும். அவ்வளவுதான். இறுதியில் ஒரு பெரிய திருப்பம் உண்டு. ஆடப் போகும் பிள்ளைகளின் சாபத்துக்கு அஞ்சி அதை இங்கே எழுதாமல் விடுகிறோம்.

இது ஜப்பானில் முதலில் வெளியானது 1988 பிப்ரவரி 10-ஆம் தேதி, ஒரு புதன்கிழமை. பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகள் கடைவாசல்களில் வரிசை கட்டி நின்றது அந்நாட்டில் பெருஞ்செய்தியாயிற்று. அதன்பின் இவ்வரிசை விளையாட்டுகளை விடுமுறை நாள்களில் வெளியிடும் வழக்கம் வந்தது. அரசே சட்டம் போட்டுத் தடுத்ததாகச் சொல்வது வெறும் கட்டுக்கதை. கதையும் அமைப்பும் யூஜி ஹோரி. சித்திரம் அகிரா தோரியாமா. இசை கோயிச்சி சுகியாமா. அந்நாளைய விளையாட்டுப் பெட்டியில் சொருகும் கட்டைக்குள் இருந்த இடம் மொத்தம் 256 கிலோபைட். இன்று நம் கைப்பேசியில் வரும் ஒரு கலியாணப் பத்திரிகைப் படமே அதைவிடப் பெரிது! இடம் போதாமையால் முகப்பில் படத்தையும் இசையையும் விட்டுவிட்டு, கறுப்புத் திரையில் பெயரை மட்டும் எழுதினார்கள். அந்தச் சிக்கனத்துக்குள்ளேதான் பகலும் இரவும் மாறி மாறி வரும் ஓர் உலகத்தை அடைத்தார்கள்.

அவ்வுலகத்தின் வரைபடம் நம் பூமியின் வரைபடத்தையே தழுவியது. ரோமாபுரியை நினைவூட்டும் ரோமாலி உண்டு. எகிப்தைப் போல ஈசிஸ் உண்டு. ஜிப்பாங் என்ற பெயரில் ஜப்பானும், போர்த்துக்கலைப் போல போர்த்தோகாவும் உண்டு. போர்த்தோகா ராஜாவுக்கு மிளகின் மேல் தீராத ஆசை. கீழ்த்திசைக்குப் போய்க் கருமிளகு கொண்டு வந்தால் ஒரு கப்பலே தருவதாக வாக்களிக்கிறான். அவன் கொடுத்த கடிதத்தைக் காட்டினால் மலைக்குள் வசிக்கும் குள்ளன் ஒருவன் சுவரை உடைத்து வழி விடுகிறான். அப்புறம் நெடுந்தூரம் நடந்து சேரும் ஊரின் பெயர் பஹராத்தா. புண்ணிய நதிக்கரையில் உள்ள ஊர் அது. அங்கே ஒரு மிளகுக் கடை.

லோக்கல் வண்டியில் இந்த இடத்துக்கு வந்தபோது நமக்கு மெய் சிலிர்த்தது. கங்கைக்கரையில் மிளகு காய்க்காது என்பது ஜப்பானியருக்குத் தெரியாமற் போனதை மன்னித்துவிட்டோம். முசிறித் துறையில் யவனர் ஏற்றிச் சென்றதும், 1498-ல் வாஸ்கோடகாமாவைக் கோழிக்கோட்டுக்கு இழுத்து வந்ததும் இதே சரக்குத்தானே. நம் தந்தையார் தென்காசியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மலைக்கு அப்பாலிருந்து வரும் மிளகை முறத்தில் கொட்டி, பொக்கு நீக்கி, மணி பார்த்து வாங்குவதைச் சிறுவயது முழுவதும் கண்டவர் நாம். பஹராத்தாக் கடைக்காரரின் பேத்தியைக் கள்வர் கடத்திப் போய்விட்டனர். அவளை மணக்கவிருந்த குப்தா என்ற இளைஞன் மீட்கப் போய் அவனும் அகப்பட்டுக்கொண்டான். இருவரையும் மீட்டு வந்தால் நன்றியாக மிளகு கிடைக்கிறது. அன்று நாம் சிவாஜி பிரிட்ஜில் இறங்க மறந்தோம். அடுத்தது புது டில்லியே ஆகையால் பிழைத்தோம்.

இனிப் புதிய பதிப்புக்கு வருவோம். 2024 நவம்பர் 14-ஆம் தேதி 'எச்.டி.-2டி ரீமேக்' என்ற பெயரில் அது வெளியாயிற்று. சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர், தாம் வாங்கிய ஸ்விட்ச் பெட்டியோடு இதையும் நம் மகனுக்குக் கொடுத்துச் சென்றார். சுகியாமா 2021-லும் தோரியாமா 2024 மார்ச்சிலும் காலமானார்கள். தம் கைவேலை புதுப்பொலிவுடன் கடைக்கு வந்ததை இருவரும் காணவில்லை.

பழையதைப் புதுப்பிப்பது எவ்வளவு தர்மசங்கடமான வேலை என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதை 1904-ல் திறந்தது. அகலப் பாதையாக்க 2010-ல் மூடினார்கள். 2018-ல்தான் மறுபடி வண்டி ஓடியது. பதின்மூன்று கண் பாலத்தை இடிக்காமல் வலுப்படுத்தி அதன் மேலேயே புதுப் பாதை போட்டார்கள். இன்று அதில் போவோருக்கு இருக்கை வசதி, பெட்டி வசதி எல்லாம் மேல். ஆனால் பழைய வண்டி ஏறுமுகத்தில் முக்கி முனகிப் போகும்போது சன்னலுக்கு எட்டும் தூரத்தில் ஈரப்பாறையும் பெரணிச் செடியும் வந்து போகுமே, அதை நினைத்து ஏங்குவோரும் உண்டு. இருவர் சொல்வதும் உண்மைதான்.

புதுப் பதிப்பில் பாலங்களை இடிக்கவில்லை. ஊர்கள் அதே ஊர்கள். சண்டை அதே முறையில் கட்டளையிட்டு நடத்தும் சண்டை. மனிதர்களைப் பழையபடி சிறு சதுரப் புள்ளிகளால் அமைத்துவிட்டு, அவர்களைச் சுற்றி ஆழமும் ஒளியும் உள்ள உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள். கொலு மேடையில் மண்பொம்மைகளை வைத்து, பின்னால் உண்மையான விளக்கொளியையும் நீரோடையையும் அமைத்தாற் போன்ற தோற்றம். அந்திப் பொழுதில் கடற்கரை ஊருக்குள் நுழையும்போது சன்னல்களில் விளக்குகள் ஏற்றப்பட்டிருக்கும் அழகுக்காகவே நம் மனையாள் அடுக்களை வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். சுகியாமாவின் இசையைப் பெரிய வாத்தியக் கோஷ்டி வாசிக்கக் கேட்பது தனி இன்பம். 1988-ன் பெட்டியில் கீச்சுக்குரலில் ஒலித்த அதே மெட்டுகள்தாம்.

பெற்றோருக்கு இதைவிட முக்கியமான சௌகரியம் ஒன்றுண்டு. ஆட்டம் தானாகவே அவ்வப்போது பதிவாகிவிடுகிறது. சாப்பிட அழைத்தால், "ராஜாவிடம் போய்ப் பதிவு செய்துவிட்டு வருகிறேன்" என்று பிள்ளைகள் அரைமணி கடத்த முடியாது. சண்டையின் வேகத்தையும் கூட்டலாம். கதாநாயகனின் தந்தையைப் பற்றிப் புதிய காட்சிகள் சேர்த்திருக்கிறார்கள். பழைய பதிப்பில் அவர் ஒரு பெயராகவே நின்றார். இப்போது அவர் சென்ற ஊர்களில் அவரை அறிந்தவர்கள் பேசுகிறார்கள். அது நல்ல சேர்க்கை என்பதே நம் அபிப்பிராயம்.

குறைகளும் உள. நாலடி நடந்தால் ஒரு பூதம் என்ற பழைய தொல்லையை அப்படியே வைத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வந்து வழிமறிக்கும் சண்டைகள் இரண்டாம் நாளே சலிப்பூட்டுகின்றன. பூதங்களைப் பழக்கும் புதுத்தொழில் ஒன்றைச் சேர்த்தார்கள். அத்தொழில் பயின்றவன் ஒருவன் கூட இருந்தால் மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கலாம் என்னும்படி அவனுக்கு வலிமையை வாரிக் கொடுத்திருக்கிறார்கள். தாயம் பற்றி எழுதியவர் என்ற முறையில் நமக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. 1996-ல் ஒரு முறை இவ்விளையாட்டைப் புதுப்பித்தபோது, பகடை உருட்டிக் கட்டம் கட்டமாக நகரும் ஓர் ஆட்டத்தை உள்ளே வைத்தார்கள். அடுத்து வந்த கையடக்கப் பெட்டிப் பதிப்பை ஆங்கிலமாக்கியபோது அதற்கு 'பச்சீசி' என்று நம் நாட்டுப் பெயரையே சூட்டினார்கள். நாம் ஆடிய கைப்பேசிப் பதிப்பில் அது இல்லை, இப்போதும் இல்லை. அந்த இடத்தில் பூதங்களை மோதவிடும் களம் இருக்கிறது. தமிழும் இந்தியும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவையெல்லாம் சிறு குறைகள். பெரிய குறை வழிகாட்டிப் புள்ளிதான். அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை வரைபடத்தில் ஒரு குறி காட்டிக்கொண்டே இருக்கிறது. பழைய பதிப்பில் ஊராரைக் கேட்டுத்தான் வழி அறிய வேண்டும். கிணற்றடியில் நிற்பவன் ஒன்று சொல்வான். இரவில் மட்டும் கண்ணில் படும் கிழவன் வேறொன்று சொல்வான். இரண்டையும் கூட்டினால் ஒரு வழி பிறக்கும். கப்பல் கிடைத்த பின்னரோ எத்திசையும் திறந்து கிடக்கும். நாம் பதினைந்து நாள் கடலில் திக்குத் தெரியாமல் அலைந்திருக்கிறோம். முதன்முதல் 2009-ல் வேலைக்கான உத்தரவோடு நிஜாமுத்தீனில் இறங்கியபோது, இந்தி தெரியாமல், காகிதத்தில் எழுதிய விலாசத்தை வழிப்போக்கர் ஒவ்வொருவரிடமும் நீட்டிய அனுபவம்தான் அப்போது நினைவுக்கு வந்தது. அன்று வழி சொன்ன டீக்கடைக்காரரை இன்றும் மறக்கவில்லை. நம் மகனுக்கோ பஹராத்தாவில் யார் யார் இருந்தார்கள் என்றே தெரியவில்லை! குறியைப் பார்த்தான், போனான், மிளகை வாங்கினான், வந்தான். "அந்த ஊரில் நதி இருந்ததே, பார்த்தாயா?" என்று கேட்டோம். "இருந்ததா?" என்றான்.

ஆகவே கரோல்பாக் அன்பருக்கு நம் ஆலோசனை: தாராளமாக வாங்கிக் கொடுங்கள். வாங்கியவுடன் அமைப்புப் பகுதிக்குள் சென்று, வழிகாட்டிக் குறியை அணைத்துவிடுங்கள். அதற்கு வசதி உண்டு. மூன்று கடினநிலைகளில் நடுவிலுள்ளதை வையுங்கள். கீழ்நிலையில் ஆடுவோர் எவ்வளவு அடிபட்டாலும் சாகமாட்டார்கள்; உயிர் ஒன்றில் நின்றுவிடும். சாவே இல்லாத இடத்தில் பிள்ளைகள் எதைக் காப்பாற்ற யோசிப்பார்கள்? நாம் இதைச் செய்தபோது வீட்டில் ஒருநாள் சத்தியாக்கிரகம் நடந்தது. மறுநாள் பிள்ளை ஊராரிடம் பேசத் தொடங்கினான்.

விளையாட்டின் நடுவே ஓர் இடம் வருகிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனமில்லை. கடலுக்கு அப்பால், அமெரிக்கா இருக்க வேண்டிய திசையில், ஆளரவமற்ற ஒரு வெளியில் கிழவர் ஒருவர் நிற்கிறார். இங்கே ஓர் ஊரை உண்டாக்க வேண்டும், அதற்கு வியாபாரி ஒருவன் தேவை, உன் கூட்டத்திலிருந்து ஒருவனை விட்டுச் செல் என்கிறார். விட்டுச் சென்றால் போகப் போக அங்கே கடை எழும்பும், வீடுகள் எழும்பும், வியாபாரியின் பெயராலேயே ஊர் விளங்கும். பிறகு அவனுக்குச் செருக்கேறி, மக்களை வாட்டி, அவர்கள் கிளர்ந்தெழுந்து அவனைச் சிறையில் தள்ளுவார்கள். நாம் தேடும் மாயமணிகள் ஆறில் ஒன்றை எங்கே வைத்திருக்கிறான் என்பதைச் சிறையிலிருந்தபடியே அவன் சொல்லுவான். 2015-ல் நாம் நம் வியாபாரிக்கு 'அண்ணாச்சி' என்று பெயரிட்டிருந்தோம். முதல் நாள் தொட்டுக் கூட வந்தவன். கொஞ்சம் தயங்கினோம், ஆயினும் விட்டுவிட்டோம். 'அண்ணாச்சிபர்க்' என்ற ஊர்ப்பெயரைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது.

நம் மகன் தன் வியாபாரிக்குத் 'தாத்தா' என்று பெயர் வைத்திருந்தான்.

தந்தையாருக்கு வயது எழுபத்தொன்று. அன்னையார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. டில்லிக்கு வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். "கடையை யார் பார்க்கிறது?" என்பார். ஒரு மார்கழியில் வந்து இருபது நாள் இருந்தார். குளிர் தாங்கவில்லை, பேச ஆளில்லை. பகல் முழுவதும் பால்கனியில் உட்கார்ந்து ஷண்டிங் என்ஜின்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு நாமே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தோம். இது நம் வாசகர் பலருடைய வீட்டிலும் உள்ள கதைதான்.

கிழவர் கேட்டதும் மகன் பெட்டியை மூடி வைத்தான். மூன்று நாள் தொடவில்லை. நான்காம் நாள் நாமே, "விளையாட்டுத்தானே, விட்டால்தான் கதை நகரும். நாங்கள் எல்லாம் விடவில்லையா?" என்றோம்.

"தாத்தாவைத் தனியா விடலாமா அப்பா?" என்றான்.

நாம் விடை கூறவில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் சற்று நின்று, மறுபடி தொடங்கிற்று.

பிறகு அவன் ஓர் உபாயம் கண்டுபிடித்தான். ஆட்டம் தொடங்கிய ஊரின் சத்திரத்துக்குத் திரும்பிப் போய், புதிதாக ஒரு வியாபாரியைப் பதிவு செய்தான். பெயர் வைக்கக்கூட மெனக்கெடவில்லை. 'ஏ' என்ற ஓர் எழுத்தை மட்டும் இட்டான். முதல் நிலையிலேயே நிற்கும் அந்த அப்பாவியைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கிழவரிடம் ஒப்படைத்துவிட்டு, தாத்தாவைப் பத்திரமாகத் திரும்ப அழைத்துக்கொண்டான். இது பழைய பதிப்பிலும் உள்ள வழிதான், பலரும் செய்ததுதான். புதிய பதிப்பின் மேல் பழி போட இடமில்லை. ஏமாற்று வேலை என்று முதலில் நமக்குக் கோபம் வந்தது. கூட நடந்தவனைப் பிரிவதற்காகவே எழுதப்பட்ட கட்டம் அது. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் ஓடும் லோக்கலில் நாம் எவ்வளவு சுலபமாக அந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று எண்ணிப் பார்த்து, வாயை மூடிக்கொண்டோம்.

ஊர் வளர்ந்தது, கலகம் வந்தது, 'ஏ' சிறைக்குப் போனான். மணியை எடுத்தாயிற்று. அதற்குப் பின்னும் நம் மகன் இரண்டு மூன்று முறை கப்பலைத் திருப்பிக்கொண்டு அந்தச் சிறைவாசலுக்குப் போனதைக் கவனித்தோம். "அங்கே இனி ஒன்றும் இல்லையே, எதற்குப் போகிறாய்?" என்று கேட்டோம். "சும்மா, பார்க்கத்தான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தென்காசிக்குத் தொலைபேசுவது வழக்கம். சென்ற வாரம் பேரன் தாத்தாவிடம் முழுக் கதையையும் விவரித்தான். போர்த்தோகா ராஜா, குள்ளன், கள்வர் குகை எல்லாம் வந்தன. வியாபாரியை விடச் சொன்ன கிழவர் மட்டும் வரவில்லை. தந்தையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே கேள்விதான் கேட்டார்.

"மிளகு என்ன வெலைக்குக் குடுத்தான்?"

"காசே வாங்கல தாத்தா. சும்மா குடுத்துட்டாங்க."

"சும்மாவா?" என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பின்னணியில் கடையில் யாரோ எதையோ கேட்பதும், அவர் நிறுத்துப் போடுவதும் கேட்டது. "ஏலே, சும்மா குடுத்தா பெறவு அவன் கடை எப்படிலே ஓடும்?"